குரலுக்குப் பின்னால் வந்த விளக்கு: இளையோர் கதைகளும் சமூக ஒளிக்கலையும்

ஒளியால் கதை சொல்ல முடியுமா? இந்தக் கேள்விக்கு நம் நாட்டார் கலைகள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன. தோற்பாவைக் கூத்தில் விளக்கு எரிகிறது, திரையில் இராமனும் இராவணனும் மோதுகிறார்கள். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்து நிழற்கூத்தான வாயாங் கூலிட்டிலும் ஏற்பாடு அதேதான். இரண்டிலும் கதையை நடத்திச் செல்வது விளக்கு அன்று. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் தன் ஒரே தொண்டையைக் கொடுக்கிற கூத்துக்காரர்தான் நடத்துகிறார். கிளந்தானில் அவருக்கு டாலாங் என்று பெயர். விளக்கை அணைத்தாலும் அவர் குரலில் பாதிக் கதை தேறும். அவர் வாயை மூடிவிட்டால் தோல் பொம்மைகள் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் மேலை நாடுகளில் கிளைத்த ஒளிக்கலை இந்த ஏற்பாட்டை மாற்றியது. தாமஸ் வில்ஃபிரட் 1922இல் நியூயார்க்கில் 'கிளாவிலக்ஸ்' என்ற கருவியைக் கொண்டு நிறங்களைத் திரையில் அசையவிட்டார். மொஹோலி நாகி 1930இல் உலோகத் தகடுகளைச் சுழலவிட்டு அறையெங்கும் நிழலும் ஒளியும் படரச் செய்தார். இருவருக்கும் கதை தேவைப்படவில்லை. ஒளியே பொருள், ஒளியே வடிவம். அப்படி வெளியே அனுப்பப்பட்ட குரலைக் கலைஞர்கள் திரும்ப அழைத்தது அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். இன்றைய கேள்வி அங்கிருந்து பிறக்கிறது: ஒரு வட்டாரத்து இளையோர் தங்கள் கதையைப் பொது இடத்தில், ஒளியின் துணையோடு, தாங்களே சொல்ல முடியுமா? சொன்னால் யார் கேட்கிறார்கள்?

இதற்குக் கடந்த நாற்பது ஆண்டுகளில் சொல்லப்பட்ட விடைகளை மலேசியாவின் பினாங்குத் தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் லெப்பாஸை முன்னிறுத்திப் பார்க்கிறது இக்கட்டுரை. அந்த ஊரைத் தேர்ந்தது தற்செயல் அன்று.

விளக்கு தயாராகும் ஊர்

1969இல் பினாங்கின் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதி பறிபோனது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய வேளையில் முதலமைச்சரான லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தின் மூலம் வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களை அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் உருவானது. முதலில் வந்து இறங்கிய எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்' என்று இன்றும் சொல்கிறார்கள். இன்டெலும் ஹியூலெட் பேக்கார்டும் அதில் இருப்பதைப் பலர் அறிவார்கள். அதிகம் பேசப்படாத பெயர் லிட்ரானிக்ஸ். அது எல்.இ.டி. தயாரித்த நிறுவனம், பின்னர் ஓஸ்ராமின் கைக்குப் போனது. எல்.இ.டி. செய்யும் லூமிலெட்ஸ் ஆலையும் பாயான் லெப்பாஸில்தான் இருக்கிறது. ஆக, உலக நகரங்களின் ஒளி விழாக்களில் மின்னும் எல்.இ.டி.களில் ஒரு பங்கு இந்த ஊரின் வழியாகப் போயிருக்கும் என்று கருத இடமுண்டு.

அவற்றைச் செய்தவர்கள் யார்? எழுபதுகளில் கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியினும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைப்பது அவர்கள் வேலை. ஊரார் அவர்களுக்குச் சூட்டிய கேலிப்பெயர் 'மீனா காரான்', அதாவது 'மின்சார மீனா'. அவர்கள் கதையைச் சொன்னவர்களோ வேறு ஆட்கள். நாளிதழ்கள் ஒழுக்கக் கேடு என்று எழுதின. ஆலைக்குள் பெண்கள் பேய் பிடித்து அலறியதை மானிடவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அய்வா ஓங், சிலாங்கூரின் கோலா லங்காட் ஆலைப் பெண்களைப் பற்றி 1987இல் வெளியிட்ட நூல் இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. அந்தப் பெண்கள் தாங்களே பொதுவெளியில் நின்று பேசிய பதிவு அதனோடு ஒப்பிட மிகச் சொற்பம்.

இன்று அந்த நாற்காலிகளில் பலவற்றில் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா, மியன்மாரிலிருந்து வந்த இளையோர் உட்கார்ந்திருக்கிறார்கள். மலேசிய மின்னணுத் துறை பற்றித் தொழிலாளர் நிலையை ஆராயும் வெரிட்டே அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வில், 501 தொழிலாளர்களிடம் விசாரித்தபோது 28 விழுக்காட்டினர் கட்டாய உழைப்புக்கு ஒப்பான நிலையில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. தொழிற்பேட்டைக்கு வெளியே அடுக்குமாடிப் பிள்ளைகள், சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலுக் கும்பார் மீனவக் கம்பத்துப் பிள்ளைகள் என்று வேறு வேறு உலகங்கள். தென்கடலைத் தூர்த்துச் சிலிக்கான் தீவு அமைக்கும் பணி 2023இல் தொடங்கியதிலிருந்து மீனவக் குடும்பங்களின் கதைக்குப் புதிய அத்தியாயம் ஒன்று கூடியிருக்கிறது. 'சமூக ஒளிக்கலை' என்னும்போது இங்கே எந்தச் சமூகம் என்ற கேள்வி முதலிலேயே குறுக்கே வந்து நிற்கும்.

முதல் விடை: கூட்டம் வந்தால் கதையும் வரும்

பெருநகரங்களின் விடை இது. லியோன் நகரத்தார் 1852 டிசம்பர் 8 அன்று மரியன்னை சிலைத் திறப்பை ஒட்டிச் சன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். 1999 முதல் அது ஒளித் திருவிழாவாகப் பெருகியது. சிட்னியின் 'விவிட்' 2009இலும், சிங்கப்பூரின் 'ஐ லைட்' 2010இலும் வந்தன. மக்கள் இரவில் வெளியே வரட்டும், கடைகள் திறந்திருக்கட்டும், அந்தத் திரளுக்கு நடுவே உள்ளூர் இளையோரின் படைப்பும் இடம்பெறட்டும் என்பது இந்தப் பார்வை. பணம் கிடைப்பது எளிது. அதற்குமேல் இதில் சொல்ல அதிகமில்லை.

இதன் பலவீனத்தைக் காணப் பினாங்குக்காரர் லியோனுக்குப் போக வேண்டியதில்லை. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனில், 2012ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவுக்காக எர்னஸ்ட் சக்கரேவிச் ஆர்மேனியன் தெருவில் ஓர் ஓவியம் வரைந்தார். சுவரில் பொருத்திய நிஜச் சைக்கிள், அதில் உள்ளூர்ப் பிள்ளைகள் இருவர். இன்றைக்கும் வரிசையில் நின்று, சைக்கிள் இருக்கையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த முகங்கள் பனியனிலும் காந்த வில்லையிலும் அச்சாகி விற்கின்றன. அந்தப் பிள்ளைகள் யார், அவர்களுக்குச் சொல்ல என்ன இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. குற்றம் ஓவியருடையது என்று சொல்ல மாட்டேன். இளையோரின் உருவம் எவ்வளவு பிரபலமானாலும் அவர்களின் கதை கூடவே வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று தீவில் இல்லை.

காகித விளக்கின் விடை

இரண்டாவது விடை கைவேலையிலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் என்ற சிற்றூரில் வெல்ஃபேர் ஸ்டேட் இன்டர்நேஷனல் குழுவினர் 1983இல் விளக்கு ஊர்வலத்தைத் தொடங்கினார்கள். ஜப்பானில் பார்த்த ஊர்வலம் அவர்களுக்குத் தூண்டுதல். வில்லோக் குச்சியை வளைத்து, மெல்லிய காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கை வைத்து ஊரே நடந்தது. விலைக்கு வாங்கக் கூடாது, கையால் செய்ய வேண்டும் என்பது அதன் உயிர். பின்னாளில் பல ஊர்களின் சமூக விளக்கு ஊர்வலங்களுக்கு இது முன்மாதிரி ஆனது.

நம் பக்கத்தில் இது புதிதே அன்று. நோன்புப் பெருநாளுக்கு முன் கம்பங்களில் ஏற்றும் பெலித்தா என்னும் எண்ணெய் விளக்கு, நடு இலையுதிர் விழாவின் காகித விளக்குகள், தைப்பூசத்தில் தண்ணீர்மலை நோக்கி நகரும் ஒளி ததும்பும் இரதம் ஆகியவற்றைப் பினாங்குப் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். ஒளியால் கதையே சொல்கிற மரபுகளும் தெற்காசியாவில் உண்டு. கொழும்பில் வெசாக் நாளில் எழும்பும் தோரணங்களில் புத்த ஜாதகக் கதை ஒன்று படம் படமாக வரையப்பட்டு, ஆயிரக்கணக்கான வண்ண பல்புகள் மாறி மாறி எரியும். கதையை ஒலிபெருக்கி சொல்லும். மேற்கு வங்கத்துச் சந்தன்நகர் ஒளிக் கைவினைஞர்கள் பல்புகளை வரிசைப்படுத்தி விலங்குகளையும் மனிதர்களையும் ஓடவிடுவதில் பேர்போனவர்கள். தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாவில் சீரியல் செட்டில் எழும் முருகனும் மயிலும் அதே குடும்பம்தான்.

இவை எல்லாவற்றிலும் ஏணியில் ஏறிக் கம்பி இழுத்து, பல்பு மாற்றி, விடிய விடியக் காவல் காப்பது ஊர் இளைஞர்கள். சொல்லப்படும் கதை மட்டும் பெரியவர்களுடையது, பெரும்பாலும் தெய்வத்துடையது. காகித விளக்கு இயக்கத்தின் பலவீனமும் இதை ஒட்டியதே. எல்லாரும் சேர்ந்து நடக்கும்போது பிறக்கும் ஒட்டுறவு உண்மையானது. ஆனால் ஊர்வலம் என்ற வடிவம் தனிக் குரலை விழுங்கிவிடுகிறது. மீன் விளக்கைத் தூக்கி வருகிற மீனவச் சிறுவன் கடல் தூர்க்கப்படுவதைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பது மீனைப் பார்த்தால் தெரியாது.

சாட்சியத்தின் விடை

மூன்றாவது விடை இக்கட்டுரைக்கு மிக நெருக்கமானது. தங்கிப் பார்க்கத் தகுந்தது. போலந்தில் பிறந்த கிறிஸ்டோஃப் வொடிச்கோ 2001 பிப்ரவரியில் மெக்சிகோவின் எல்லை நகரமான டிஹுவானாவில் இரண்டு இரவுகள் நடத்திய நிகழ்ச்சியில் பேசியவர்கள் 'மக்கிலடோரா' ஆலைகளில் வேலை செய்த பெண்கள். ஏற்றுமதிக்காகப் பொருள் இணைக்கும் ஆலைகள் அவை; பாயான் லெப்பாஸ் ஆலைகளின் தூரத்து உறவு என்றே சொல்லலாம். நகரின் பண்பாட்டு மையத்துக்குப் பெரிய உருண்டைக் கட்டடம் ஒன்று உண்டு. பேசுகிற பெண்ணின் தலையில் காமிராவும் ஒலிவாங்கியும் பொருத்திய கருவியை மாட்டினார்கள். அவர் எப்படித் திரும்பினாலும் முகம் காமிராவின் சட்டத்திலிருந்து விலகாது. அந்த முகம் அதே கணத்தில் கோளத்தின் மேல் பல மாடி உயரத்துக்கு விரிந்தது. கீழே சதுக்கத்தில் திரண்டிருந்த மக்கள் நடுவே குடும்பத்துக்குள் நடந்த வன்முறை, பாலியல் கொடுமை, ஆலையில் பட்ட துன்பம் என்று அவர்கள் பேசினார்கள். உள்ளூர்ப் பெண்கள் அமைப்புகளோடு நீண்ட காலம் பழகிப் பேசியபின் நடந்தது இது.

இங்கே வெளிச்சத்தின் வேலை ஒன்றே ஒன்று: சிறியவர் என்று ஒதுக்கப்பட்டவரை ஊர் அண்ணாந்து பார்க்க வைப்பது. கதை சொன்னது குரல். தோற்பாவைக் கூத்தின் பழைய ஏற்பாடு நவீன உடையில் திரும்பியிருக்கிறது என்பது என் கணிப்பு. ரஃபேல் லொசானோ ஹெம்மர் 2019இல் அமெரிக்காவின் எல் பாசோவுக்கும் மெக்சிகோவின் ஹுவாரெஸுக்கும் நடுவே அமைத்த 'பார்டர் டியூனர்' இதே வழியில் இன்னொரு அடி வைத்தது. அமெரிக்கப் பக்கத்து நிலையம் ஓர் உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் இருந்தது. இரு கரையிலிருந்தும் பாயும் ஒளிக்கற்றைகள் வானில் சந்தித்தால் இரு பக்கத்தாரும் பேசிக்கொள்ளலாம். பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஒளியும் கூடிக் குறைந்தது. இதைப் பார்க்க வந்தவர்கள் பேசவும் முடிந்தது. கேட்கும் ஆள் யார் என்பதற்கு இங்கே விடை கிடைத்தது, அந்த ஒளிக்கற்றையின் மறுமுனையில் நிற்பவர்தான்.

குறைகளும் சிறியவை அல்ல. சாட்சி சொன்னவர் மறுநாள் அதே ஆலைக்குப் போகிறார், அதே வீட்டுக்குத் திரும்புகிறார். கலைஞர் அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறுகிறார். நூல்களில் கலைஞரின் பெயர் நிற்கிறது, பேசியவர்களின் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை. இன்னொன்று காலம் கொண்டுவந்த குறை. 2001இல் ஒளி அணைந்தால் பெருமளவுக்கு விஷயம் முடிந்தது. இன்று சதுக்கத்தில் நிற்கும் எல்லார் கையிலும் காமிரா இருக்கிறது. பதினேழு வயதில் ஓர் இரவுக்கென்று கொடுத்த சம்மதம் இருபத்தேழு வயதில் வேலைக்கு மனுப் போடும்போதும் பின்தொடரும். மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் வழக்கு, பாதுகாப்பு நடவடிக்கைகளில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடுக்கிறது. தானாக முன்வந்து பேசும் இளையவரின் பேச்சு பத்து ஆண்டு கழித்து என்னவாகும் என்பது வேறு சங்கதி. முகம் காட்டாமல் நிழலும் குரலும் மட்டும் கொண்டு சொல்வது இதற்கு ஓரளவு மருந்தாகலாம். வொடிச்கோவின் வழியில் முகமே மையம் என்பதால், அப்படிச் செய்தால் சாட்சியத்தின் பலம் எவ்வளவு குறையும் என்று தயங்குகிறவர்களும் இருப்பார்கள்.

வகுப்பறைக்கு வெளியே ஒரு விடை

நான்காவது விடை பினாங்கிலேயே வேர்விட்டது. 1999 முதல் இயங்கும் ஆர்ட்ஸ்-எட் அமைப்பும் அதை நிறுவிய ஜேனட் பிள்ளையும் இளையோர் கலைக்கல்வியில் மலேசியாவுக்கே முன்னோடிகள். 2000களின் தொடக்கத்தில் நடந்த 'அனாக்-அனாக் கோத்தா' (நகரத்துப் பிள்ளைகள்) திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஜார்ஜ் டவுன் உள்நகரத் தெருக்களில் இறங்கிக் கைவினைஞர்களையும் வணிகர்களையும் பேட்டி கண்டு, கிடைத்ததைக் கலையாக மாற்றினார்கள். தீவின் மேற்கிலுள்ள பாலிக் பூலாவிலும் இந்த அமைப்பின் பணி தொடர்ந்தது. ஜேனட் பிள்ளை 2013இல் வெளியிட்ட பண்பாட்டு வரைபடமாக்கல் பற்றிய நூல் இம்முறையை விளக்குகிறது: முதலில் கவனி, பிறகு கேள், அப்புறம் வரைபடமாக்கு, கடைசியில்தான் படைப்பு. ஒளிக்கலை செய்ய விரும்புவோர் கடைசிப் படியிலிருந்து தொடங்குவதால் வரும் கோளாறுகளுக்கு இந்த வரிசையே நல்ல மறுமொழி.

இம்முறையைச் சோதிக்க ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையின் எட்டுப் படி ஏணி உதவும். அதன் கீழ்ப்படிகள் மூன்றையும் அவர் பங்கேற்பாகவே கணக்கில் கொள்ளவில்லை. இரண்டாம் படிக்கு அவர் வைத்த பெயர் 'அலங்காரம்': பிள்ளைகளுக்குப் பனியன் மாட்டி மேடையேற்றுவார்கள், எதற்கு வந்தோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒளி விழாக்களில் இந்தப் படிக்கு வழுக்கி விழுவது அதிகம். மரபுச் சேகரிப்பு சார்ந்த திட்டங்கள் இதைவிட வெகு உயரத்தில் இருக்கின்றன. ஆனாலும் அவற்றில் பிள்ளைகள் பெரும்பாலும் பெரியவர்களின் நினைவுக்குச் செவியாக இருக்கிறார்கள். ஜார்ஜ் டவுன் போன்ற பழைய நகரில் அது இயல்பு. ஐம்பது ஆண்டுக்கு முன் வயலாக இருந்து, இப்போது ஆலையும் அடுக்குமாடியுமாக நிற்கும் பாயான் லெப்பாஸ் போன்ற இடத்தில் கேட்டு வாங்கப் பாட்டி கதை குறைவு. இளையவரின் இன்றைய நாளே அங்கே மூலப்பொருள். மலேசியா 1995இல் சேர்ந்த சிறார் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் சிறார் சொல்வதற்குச் செவிகொடுக்கச் சொல்கிறது. பாட்டியின் நினைவைச் சேகரிப்பது அந்தக் கடமையை நிறைவேற்றாது.

பயன் உண்டா என்ற வழக்கு

சமூகக் கலையால் மனிதருக்கு நன்மை விளைகிறது என்று பிரான்சுவா மட்டராசோ 1997இல் வெளியிட்ட ஆய்வு வாதிட்டது. அதன் ஆய்வுமுறையே ஆட்டம் காண்கிறது என்று பாவ்லா மெர்லி 2002இல் மறுத்தார். பேச்சையும் உறவையும் கலையாகவே மதிக்க வேண்டும் என்றார் கலை வரலாற்றாளர் கிரான்ட் கெஸ்டர். நல்ல நோக்கத்துக்காகக் கலைத்தரத்தை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று 2006இல் சீறினார் கலை விமர்சகர் கிளேர் பிஷப். இந்தச் சண்டையில் தீர்ப்பு வழங்குவது இங்கே தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: பங்கேற்றவர் அன்று மகிழ்ந்தார் என்பதற்குச் சான்று ஏராளம், ஐந்து ஆண்டு கழித்து அவருக்கு என்ன மிஞ்சியது என்பதற்குச் சான்று மெலிந்தே இருக்கிறது.

பாயான் லெப்பாஸில் வைத்துப் பார்த்தால்

கருத்துகளை மண்ணில் இறக்கினால் சில சங்கதிகள் தெளிகின்றன. வானை நோக்கி ஒளிக்கற்றை பாய்ச்சும் முறை இங்கே எடுபடாது. 1935இல் திறந்த விமான நிலையம் ஊரின் நடுவில் இருக்கிறது. விமானியின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்குக்கும் லேசருக்கும் விமானப் போக்குவரத்து விதிகள் கடுமையானவை. கட்டடத்தின் மேல் பாய்ச்சுவது கைகூடும். ஆனால் பொது நிகழ்ச்சிக்கு மாநகர் மன்ற அனுமதி வேண்டும், சுவருக்குச் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டும். ஆலையின் சுவரில் ஆலைத் தொழிலாளியின் கதை ஓட அந்த ஆலை இசையுமா?

அடுக்குமாடிகள் நல்ல வாய்ப்பு. பெர்லினில் 2001 செப்டம்பரில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினி ஆர்வலர் குழு, ஆசிரியர் மாளிகை என்ற கட்டடத்தின் எட்டுத் தளங்களில், தளத்துக்குப் பதினெட்டாக 144 சன்னல்களுக்குப் பின்னால் விளக்கு வைத்து முழுக் கட்டடத்தையும் திரையாக்கியது. தெருவில் போகிறவர் கைப்பேசியிலிருந்து காதல் கடிதம் அனுப்பினால் சன்னல்களில் ஓடும். பெரிய பணமோ புகழ்பெற்ற கலைஞரோ தேவைப்படவில்லை. செய்தவர்களே சொல்பவர்களாகவும் இருந்தார்கள். 2006 வாக்கில் நியூயார்க்கின் கிராஃபிட்டி ரிசர்ச் லேப் குழுவினர் இன்னும் எளிமையாக்கினார்கள். ஓர் எல்.இ.டி., நாணய வடிவ பேட்டரி, சிறு காந்தம், கொஞ்சம் ஒட்டுநாடா. அதை எறிந்தால் எந்த இரும்புச் சுவரிலும் ஒட்டி மின்னும். குப்பையாகிறது, பேட்டரி நஞ்சு என்ற கண்டனமும் உடனே வந்தது, அது நியாயமானதே.

எல்.இ.டி. விலை மலிந்ததற்கு ஒரு பாதகமும் உண்டு. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டே ஆண்டில், 2016இல் வெளிவந்த உலக இரவு வான வரைபடம், மக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஒளி மாசுபட்ட வானத்தின் கீழ் வாழ்வதாகக் காட்டியது. பினாங்கு மாநிலத்துப் பெருநிலப் பகுதியில், நிபோங் திபால் அருகே கிரியான் ஆற்றங்கரையில் இருட்டை நம்பி வாழும் மின்மினிகள் இருக்கின்றன. ஆனால் தீவின் தெற்கில் இரவுப்பணி ஆலைகளும் விமான நிலையமும் ஏற்கெனவே வானத்தை வெளுப்பாக்கிவிட்டன. இங்கே இன்னொரு விளக்கு கவனத்தை ஈர்க்குமா, கரைந்து போகுமா என்ற ஐயம் தொழில்நுட்பக் காரணத்தாலேயே எழுகிறது. சில நிமிடம் சுற்றுவட்டார விளக்குகளை அணைத்து, குரலை மட்டும் ஒலிக்கவிட்டுப் பிறகு ஒளியைக் கொண்டுவரும் முறைகளைப் பேசுகிறவர்கள் குறைவு. பேச வேண்டியவை அவை.

தீராதவை

இளையோர் என்பதன் எல்லையே அசைந்துகொண்டிருக்கிறது. மலேசியா 2019இல் இளைஞர் வயதின் உச்சவரம்பை 30ஆகக் குறைக்கும் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு வாக்களிக்கும் வயதை 18ஆக்க அரசியலமைப்பையும் திருத்தியது. இரண்டும் குடிமக்களுக்கானவை. ஆலை விடுதியில் தங்கியிருக்கும் பத்தொன்பது வயது நேப்பாளி இந்த வரையறைகளுக்குள் வரவில்லை, 'உள்ளூர் இளையோர்' என்று நிதி கேட்டு எழுதும் திட்டங்களிலும் வருவது அரிது. அவரையும் சேர்க்காமல் பாயான் லெப்பாஸின் இளையோர் கதை என்று ஒன்றைக் காட்டினால் அது அரைகுறை. சேர்த்தாலோ, வேலை அனுமதிச் சீட்டு முதலாளியின் கையில் இருக்கும் நிலையில் அவர் எதைப் பேசத் துணிவார் என்பது திறந்த கேள்வி. டிஹுவானாவின் பெண்கள் தங்கள் சொந்த நாட்டில் நின்று பேசினார்கள்.

மொழியும் அப்படித்தான். மலாய், ஹொக்கியன், தமிழ், நேப்பாளி, வங்காளி என்று கதைகள் வரும்போது மொழிபெயர்த்து ஓடவிடுவதா, புரியாத குரலையே ஊர் கேட்டு நிற்கட்டும் என்று விடுவதா என்பதில் கலைஞர்களுக்குள் ஒத்த கருத்து உருவாகவில்லை. மொழிபெயர்ப்பைச் சுவரில் எழுத்தாக ஓடவிட்டால் கூட்டம் படிக்கத் தொடங்கிவிடும், கேட்பதை நிறுத்திவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. அதை மெய்ப்பிக்கும் ஆய்வு என்று எதையும் முன்வைக்க மாட்டேன்.

எல்லாவற்றையும்விட நடைமுறையில் இடறுவது நேரம். நம்பிக்கை வளர மாதக்கணக்கில் பேச வேண்டும் என்பதை டிஹுவானாவும் ஆர்ட்ஸ்-எட்டும் இருவேறு வழிகளில் காட்டியிருக்கின்றன. பன்னிரண்டு மணி நேர வேலைமுறையில் இருப்பவரிடம் அந்த மாதங்கள் இல்லை. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்ப வேண்டியவரிடம் தொடர்ச்சியும் இல்லை. நிதி தருவோர் கணக்குக் கேட்பது விளக்கு எரிந்த இரவுகளுக்கும் வந்த தலைகளுக்கும்தான். எரிவதற்கு முந்தைய மாதங்களின் செலவை, பேசியவருக்கு இழப்பாகும் கூலி உட்பட, எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதற்கு இன்னும் வழக்கம் ஏற்படவில்லை.